ஒழுகாத படகு

பழைய பாய்மரப் படகின் வயிற்றுக்குள் குனிந்து, வாங்க வந்தவர் பலகை பலகையாகச் சுத்தியலால் தட்டிக் காது கொடுக்கிறார். உளுத்த மரமென்றால் பொத்தென்று சொல்லிவிடும்; இதுவோ கணீரென்கிறது. கீற்றாக இறங்கும் வெயில், காய்ந்த அடித்தளத்தில் யாரோ ஜோடி சேர்த்துக் கழற்றி வைத்த ஆண் செருப்புகள்மேல் விழுகிறது. வெளியே, படகுக்கு முதுகு காட்டியபடி விற்பவள் நிற்கிறாள். போன மழைக்காலத்தில் அவள் கணவர் இதில் தனியாகக் கடலுக்குப் போனார். படகும் அதிலிருந்த அந்தச் செருப்புகளும் மட்டும் கரை ஒதுங்கின. "எங்கயும் உளுக்கலம்மா. ஒரு சொட்டுகூட ஒழுகல. நீங்க சொன்ன விலைக்கே எடுத்துக்கறேன்." அவள் திரும்பவில்லை. "இன்னொரு தடவ தட்டிப் பாருங்கண்ணா. படகு ஒழுகித்தான் அப்பா போனாருன்னு புள்ளைங்ககிட்ட சொல்லியிருக்கேன். எங்கயாவது ஒரு ஓட்டை இருக்கணும்." வாங்க வந்தவர் செருப்புகளை மிதிக்காமல் நகர்ந்து, முதல் பலகையிலிருந்து மறுபடி தட்டத் தொடங்குகிறார்.