காருக்குக் கட்டிய காப்பு

பசறை தாண்டி, தேயிலைச் சரிவைச் சுற்றி ஏறும் வளைவில் பதுளைக் கடைக்கார நிலாமின் கார் மறுபடியும் குதித்து நிற்கிறது. "ஏத்தத்துல பறக்கும்" என்று அவர் ஊரெல்லாம் பீற்றிக்கொண்ட ஜப்பான் டர்போ கார், அழுத்தி மிதித்தால் உறுமுகிறது, விக்குகிறது, அணைந்துபோகிறது. பின்னிருக்கையில் மணப்பெண் தவமணி. லுணுகலைக் கோயிலில் முகூர்த்தம் நெருங்குகிறது. பொனட்டைத் திறந்ததும் நிலாமின் மூக்குக்கண்ணாடியில் ஆவி படர்கிறது. "காத்து அளவுக்கு மிஞ்சிப் போகுது, அதான் எஞ்சின் தானா நிக்குது" என்று முனகியபடி, அந்தக் காற்றை மட்டுப்படுத்தும் மெல்லிய ரப்பர் குழாயைத் தடவுகிறார். விரல் மஞ்சளாகிறது. குழாயின் கழுத்தை நெரித்தபடி ஒரு மஞ்சள் கயிறு. "இது ஆர்ட வேல?" பெண்ணின் தாய்மாமன் பழனியாண்டி குடைக்குள் ஒடுங்குகிறார். "நிலாம் நானா, காருக்கும் காப்புக் கட்டுனேங்க. வழியில ஒண்ணும் ஆகக்கூடாதுன்னுதான். உள்ள இது ஒண்ணுதான் கட்ட வாகா இருந்துச்சு." நிலாம் பேனாக்கத்தியை விரிக்கிறார். "ஐயோ, தாலி ஏறுமுன்ன காப்ப அறுக்கக்கூடாதுங்க!" கத்தி அந்தரத்தில் நிற்கிறது, மூன்று பெண்களைப் பெற்றவருக்குக் கை வரவில்லை. பனி ரோட்டில் இறங்குகிறது. கதவு திறக்கிறது. தவமணி பட்டுச்சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு குனிந்து, வளையல்கள் சூட்டில் படாமல், நகத்தால் முடிச்சை நெகிழ்த்தி எடுக்கிறாள். "அறுக்க வேணாம் மாமா. எங் காப்போட சேத்துக் கட்டுங்க." நீட்டிய மணிக்கட்டில் மாமன் கயிற்றை இறுக்கிச் சுற்றுகிறார். "மெதுவாக் கட்டுங்கண்ணே," என்கிறார் நிலாம், "புள்ளட கையில ரத்தம் ஓடணும்."