எத்தனை ஆள்

கிட்ட வாங்க, கண்ணுகளா. இன்னும் கொஞ்சம் கிட்ட. உரக்கச் சொன்னால் உடைந்துபோகிற கதை ஒன்று வைத்திருக்கிறேன்.

அவன் வண்டிக்கு அடியில் கையை விட்டுப் பார்த்தான்.

முழங்கை வரைக்கும் போனது. எதுவும் தட்டவில்லை. ஓடைக்கல் இதன் அடிவயிற்றைக் கிழிக்காது.

டயரை அமுக்கினான். கட்டை கட்டையாக ரப்பர். சேற்றைக் கடித்துக்கொண்டு ஏறும்.

காட்டுப் பாதைக்கென்றே செய்த மோட்டார் சைக்கிள். புதுசாக வந்திருக்கிறது என்று கேள்விப்பட்டுத்தான் கடைக்குள் நுழைந்தான். எல்லாம் சரி. ஆனால் அவன் கேட்க வந்தது வேறு.

மலைமேல் அவன் ஊருக்கு ஏறும் வழியில் ஒரு பாறை. எந்த வண்டியும் அதில் ஏறாது. இறங்கி, வண்டியைத் தூக்கி அந்தப் பக்கம் வைக்க வேண்டும். பிறகு ஏறிக்கொள்ளலாம்.

அந்த மலையில் கனத்தைக் கிலோவில் சொல்வதில்லை. தூக்க எத்தனை பேர் வேண்டுமோ, அதுதான் கனம். புளி மூட்டை ஓர் ஆள். ஆட்டுக்கல் இரண்டு ஆள்.

மாதம்மா நாலு ஆள்.

மாதம்மா அவன் மனைவி. சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது. வாரம் இரண்டு தடவை, ரத்தம் சுத்தம் செய்ய, மலையிறங்கி ஆஸ்பத்திரிக்கு வர வேண்டும். நீளக் கம்பில் கம்பளியைக் கட்டி, அதில் அவளைக் கிடத்தி, ஊர்க்காரர் நால்வர் தோளில் சுமந்து வருவார்கள்.

அந்த டோலியைத் தூக்கியவர்களுக்கு அங்கே கூலி கிடையாது. கொடுத்தாலும் வாங்க மாட்டார்கள். எப்போதோ ஒரு பிரசவம், எப்போதோ ஒரு பாம்புக்கடி என்று இருந்த காலத்து வழக்கம். வாரம் இரண்டு தடவைக்கு உண்டானதல்ல.

இன்று வரை ஒருவரும் முகம் சுளித்ததில்லை.

அதுதான் அவளைத் தின்றது.

இன்றைக்கும் கொண்டுவந்திருந்தார்கள். ஆஸ்பத்திரி முடிந்து, கடை வாசலில் தெருவைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். கழுத்தைத் திருப்பக்கூட அலுப்பு. நால்வரும் எதிர் டீக்கடையில்.

“ஏம்மா, இது எத்தனை ஆள்?” என்றான் அவன்.

“ஒரே ஆள்தாண்ணா,” என்றாள் கடைப்பெண்.

அவன் முகம் மலர்ந்தது.

குனிந்து பின்பக்கம் தூக்கினான். சக்கரம் எழும்பியது. முன்பக்கம். எழும்பியது. இடுப்பில் எங்கோ பிடித்துக்கொண்டது, பிடிக்கட்டும். முதலில் அவளைத் தூக்கிப் பாறைக்கு அந்தப் பக்கம் உட்காரவைப்பான். பிறகு வண்டி. பிறகு அவள் அவன் முதுகைக் கட்டிக்கொள்வாள். யார் வாசலிலும் போய் நிற்க வேண்டாம்.

அப்புறம்தான் சீட்டைப் பார்த்தான்.

ஒடுங்கி, மேலே தூக்கி, வால் மாதிரி முடிந்திருந்தது. பின்னால் கால் வைக்கக் கட்டையும் இல்லை.

“பின்னாடி இவ எங்க உக்காருவா?”

“அதான் சொன்னேனேண்ணா, ஒரே ஆள்னு. ரெண்டு பேரு போற வண்டி இல்ல இது. பின்னாடி சட்டமே கிடையாது. அதெல்லாம் எடுத்துட்டதாலதான் இவ்ளோ லேசு.”

அவளுடைய இடத்தை எடுத்துவிட்டுத்தான் வண்டியை லேசாக்கியிருந்தார்கள்.

இரண்டு பேர் உட்காரும் வண்டிகள் பக்கத்தில் வரிசையாக நின்றன. ஒன்றைத் தூக்கிப் பார்த்தான்.

இன்னொன்றைத் தூக்கிப் பார்த்தான்.

வெளியே வந்தான்.

“எத்தனை ஆளாம்?” என்றாள் மாதம்மா.

ஒரே ஆள் என்று சொன்னால் அவள் முகம் மலரும். சற்று முன் அவன் மலர்ந்தது போலவே. அதன் பிறகு, உனக்கு அதில் இடமில்லை என்று சொல்ல வேண்டும்.

“நாலு ஆள்,” என்றான்.

“அய்ய! அதுக்கு நானே தேவலையே. நானாவது வழியெல்லாம் பேசிக்கிட்டு வருவேன்.”

சிரித்தாள். அவனும் சிரித்தான். தப்பித்துவிட்டது போலக்கூட இருந்தது அவனுக்கு.

நால்வரும் தெருவைக் கடந்து வந்தார்கள். மூத்தவரான தீர்த்தகிரி கம்பளியை உதறி விரித்தார். அவர் தோள் கன்றிப்போயிருந்தது. துண்டை மடித்து அதன்மேல் வைத்துக்கொண்டார், யாரும் பார்க்கவில்லை என்று நினைத்து.

அவள் பார்த்தாள்.

“மாமா, இன்னைக்கு மட்டும் தூக்கிடுங்க. வெள்ளிக்கெழம வரவேணாம். இனிமே வேணாம். எல்லாரும் போயி வெள்ளாமையப் பாருங்க.”

புளி வாங்கப் போக வேண்டாம் என்பதுபோல் சொன்னாள்.

தீர்த்தகிரி அவனைப் பார்த்தார். புருஷன்காரன் ஏதாவது சொல்வான் என்று.

அவன் வாயைத் திறந்தான். நாலு ஆள் இல்லை, ஒரே ஆள்தான் என்பது நாக்கு வரைக்கும் வந்தது.

அதைச் சொல்லி?

இத்தனை நாளும் டோலிக்குப் பக்கத்தில், அவள் கையைப் பிடித்தபடி நடந்தவன் அவன். இன்றைக்குத் தீர்த்தகிரியை மெல்ல விலக்கிவிட்டு, கம்பின் முன்முனைக்குப் போய்த் தோளைக் கொடுத்தான்.

முன்னால் தூக்குகிறவனுக்கு, டோலியில் இருப்பவள் முகம் தெரியாது.

அவ்வளவுதான், கண்ணுகளா. எழுந்து போங்க. உங்கள் வாசல் இறங்குகிற கால்கள் தம் வலுவிலேயே இறங்கி, தம் வலுவிலேயே வீடு ஏறட்டும். உங்கள் வீட்டில் யாரும் யாருக்கும் கனமாகத் தெரியாமல் இருக்கட்டும்.