தேடலுக்கு அனுமதி

கணவன் போனைக் கவிழ்த்து வைக்கத் தொடங்கிய நாளிலிருந்து அவள் நெஞ்சில் முள் தைத்தது. எப்போது பார்த்தாலும் பால்கனியில் உட்கார்ந்து யாருக்கோ தட்டிக்கொண்டிருப்பான். கேட்டால் “சும்மாதான்” என்பான்.

ஒரே நிறுவனத்தின் கையில் இல்லாமல் பல சர்வர்களில் சிதறிக் கிடக்கும் அந்தப் புதுச் சமூக வலையின் சின்னத்தை அவன் போனில் ஒருமுறை பார்த்துவிட்டாள். அவளும் அதில்தான் இருந்தாள். முகம் தெரியாத ‘தும்பி’தான் அங்கே அவளுக்கு உயிர்த்தோழி.

“இவருக்கு எவளோ ஒருத்தி இருக்கா, தும்பி. இவர் இங்க எழுதறதை எப்படித் தேடிப் பிடிக்கிறது?” என்று எழுதினாள்.

“இங்க எல்லாத்தையும் தேட முடியாதுடி. தேடலாம்னு அனுமதி குடுத்தவங்க எழுதினது மட்டும்தான் சிக்கும். அவர் என்ன பேர்ல எழுதறார்?”

“தெரியாது. ஆனா நான் பிழை திருத்தறவ. மன்னிப்புக்கு மூணு சுழி ‘ண’ போடற ஒரே ஆள் எங்க வீட்டுக்காரர்தான். வாயைத் திறந்து அதைக் கேட்டதும் இல்ல.”

தும்பியிடமிருந்து பதில் வரவில்லை.

‘மண்ணிப்பு’ என்று தேடினாள். ஒன்றும் சிக்கவில்லை. மனசு ஆறாமல் சற்றுப் பொறுத்து மறுபடி தேடினாள். இந்த முறை ஒரே ஒரு பதிவு, அப்போதுதான் தேடலுக்கு அனுமதி கொடுத்து எழுதியது.

“மண்ணிப்பு. உன் மனசுல இருக்கறதை நேர்ல கேக்க எனக்குத் தைரியம் வரலை.”

எழுதியவர் பெயர், தும்பி.

“ரெண்டு சுழிங்க!” என்று பால்கனியைப் பார்த்துக் கத்தினாள்.