துணிக்கு அடியில்

ஆனேக்கல் பக்கம் புதிய வட்டச்சாலை போகிற வழியில் ஒரு பழைய புதைகுழி தென்பட்டது. எலும்புகளைக் கலைக்க வேண்டாம், துணி போர்த்தி, மணல் நிரப்பி, அதன்மேல் சாலை போடலாம் என்று மேலிடத்தில் முடிவாயிற்று. அகழாய்வுக்குப் பொறுப்பான ஹெலனுக்கும் அதில் நிம்மதிதான். படுத்திருப்பவர் அங்கேயே படுத்திருக்கட்டும்.

மாலையில் அவளே துணி போர்த்தினாள். எலும்புக்கூடு மல்லாந்து கிடந்தது. கைகள் இரண்டும் விலாவோரம் நீண்டிருந்தன.

காலையில் மணல் லாரி வந்தது. பக்கத்தில் தாஸ் ரோலரைக் கிளப்பினான். குழியோரத்து மண் பொலபொலவென்று உதிர்ந்தது. கடைசியாக ஒருமுறை பார்த்துவிடலாமென்று ஹெலன் குழிக்குள் இறங்கித் துணியை விலக்கினாள்.

வலது கை மேலேறியிருந்தது. விரலெலும்புகள் காதிருந்த இடத்தைப் பொத்தியிருந்தன.

"தாஸ், வண்டிய ஆஃப் பண்ணு!"

சத்தம் அடங்கியது. தாஸ் குழியருகே வந்து நின்றான். அவனை நிமிர்ந்து பார்த்துவிட்டு ஹெலன் மறுபடி குனிந்தாள். கை விலாவோரம் இறங்கியிருந்தது.

"என்னாச்சு மேடம்?"

"சத்தம் தாங்கல."

தாஸ் சிரித்தான். "இதுக்கேவா மேடம்? ரோடு தொறந்துட்டா ராவும் பகலும் லாரி ஓடுமே."