நூற்றிருபது மில்லி செகண்டு

"இந்தக் கம்ப்யூட்டரோட ஒரே பேஜாருங்க," என்று இனியவன் தலையில் கை வைத்துக்கொண்டான். ஆறாவது ஞாயிறாக அமலாவின் குரல், பஸ்ஸைத் தவறவிட்டவள் பின்னாலேயே ஓடிவருகிற மாதிரி, தாளத்துக்குப் பின்னால் வந்துகொண்டிருந்தது.

கூட்டேரிப்பட்டில் வாரத்துக்கு ஆறு நாள் வீடுகளுக்குப் பெயிண்ட் அடிக்கிறவன் இனியவன். ஏழாம் நாள், பிரவுசிங் சென்டரை மூடியவரிடம் வாங்கிய பழைய கம்ப்யூட்டரில் பாட்டு ரெக்கார்டிங். அமலாவுக்குத் திண்டிவனத்தில் ஜவுளிக்கடை வேலை. மாதா கோயில் திருவிழாவுக்குத் தானே எழுதிய பாட்டைப் பதிய வந்துகொண்டிருந்தாள். அவளுக்குத் துணை அத்தை இருதயமேரி. அத்தைக்குத் துணை ஒரு பை அவித்த மல்லாட்டை, வேர்க்கடலைதான்.

உண்மையில் கம்ப்யூட்டர் மேல் ஒரு குற்றமும் இல்லை. ரெக்கார்டிங் செட்டிங்கில் ஒரு கட்டம் இருக்கிறது. அதில் நூற்றிருபது என்று போட்டால், பாடுகிற குரல் நூற்றிருபது மில்லி செகண்டு தள்ளிப்போய்ப் பதிவாகும். முதல் ஞாயிறே அதைப் போட்டு வைத்தவன் இனியவன்தான். பாட்டு முடிந்துவிட்டால் அமலா அப்புறம் எதற்குக் கூட்டேரிப்பட்டில் இறங்கப்போகிறாள்?

இரண்டாம் ஞாயிறு, எந்தக் கட்டம் எதற்கு என்று அவள் ஒவ்வொன்றாகக் கேட்டாள். அந்த ஒன்றை மட்டும் தாண்டிக் குதித்து, மற்றதெல்லாம் வேர்க்க விறுவிறுக்கச் சொன்னான். ஆறு வாரத்தில் அவள் ஒருதரம்கூட அவனை அண்ணா என்று கூப்பிடவில்லை. அந்த ஒரு நூலைப் பிடித்துக்கொண்டுதான் அவன் ஆகாயத்தில் பறந்தான்.

ஆறாம் ஞாயிறான அன்றைக்கு அத்தை பேச்சுவாக்கில் ஒன்று சொன்னாள். கோயில் பாடற்குழு மொத்தமும் இவள் விரலைப் பார்த்துத்தான் பாடும். டிரம்ஸ்காரன் கொஞ்சம் பிசகினாலும் முறைக்கிறவள் இவள். இங்கே பதிவானதைக் கேட்டுவிட்டு, இப்போது இவளுக்கே தாளம் போய்விட்டது என்று எல்லாரும் சிரிக்கிறார்களாம்.

இனியவன் செட்டிங்கைத் திறந்தான். தான் பறக்கிறதுக்கு அவள் பேரா கிழிய வேண்டும்? போனால் போகட்டும் என்று, அமலா அவன் முதுகுக்குப் பின்னால் நின்று தண்ணீர் குடித்துக்கொண்டிருந்த நேரம், நூற்றிருபதை அழித்துப் பூஜ்யம் போட்டான். கடைசியாக ஒருதரம் பாடிவிடச் சொன்னான். கடைசி என்கிறபோது அவன் குரலே தள்ளிப்போய்த்தான் விழுந்தது.

அவள் பாடினாள். தாளத்துக்குப் பின்னால்தான் வந்தது.

கட்டத்தைப் பார்த்தான். பூஜ்யம்தான். மைக் முன்னால் தானே கை தட்டிப் பார்த்தான். சுவரில் பார்டர் அடித்தாற்போல் கோடு பிசகாமல் தாளத்தில் விழுந்தது. ஹெட்போனை மாற்றினான், ஃபேனை நிறுத்தினான், அத்தையைக் கெஞ்சி மல்லாட்டை உரிப்பதை நிறுத்தவைத்தான். மறுபடி பாடினாள். மறுபடியும் பின்னால். கெட்டுப்போச்சு கெட்டுப்போச்சு என்று பொய் சொன்னதற்கு நிஜமாகவே கெட்டுத் தொலைந்துவிட்டதே என்று வேர்த்துக் கொட்டியது.

"இன்னும் எத்தினி வாரம்பா இழுத்துக்கினு போவ?" என்று கேட்டுவிட்டு, அத்தை மடியில் கிடந்த தோலை உதறிக்கொண்டு பஸ் வருகிறதா பார்க்க வெளியே போனாள்.

அதற்கு மேல் அவனால் அடக்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டு எல்லாவற்றையும் கொட்டினான். இத்தனை வாரமும் குரலைத் தள்ளி வைத்தது தான்தான் என்றான். ஏன் என்று கேட்டால் சொல்லத் தெரியாது என்றான். இன்றைக்கு அதை எடுத்துவிட்டது மாதா மேல் சத்தியம் என்றான். அப்படியும் ஏன் இப்படி வருகிறது என்று மட்டும் புரியவில்லை.

அமலா நிதானமாகச் செருப்பை மாட்டினாள். அத்தை ரோட்டுப் பக்கம் பார்த்துக்கொண்டிருக்கிறாளா என்று ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டு, அவன் பக்கம் திரும்பினாள்.

"நீங்க ஜீரோ போட்டதைப் பார்த்தேன். அதான் நானே லேட்டா பாடினேன்."