நகர மறுத்த லாரி

சங்ககிரி குடோனுக்குச் சரக்கு கொண்டுவந்த அந்த லாரியில் ஸ்டியரிங் கிடையாது. அது தானாகவே ஓடும். பொறுப்பாளர் என்று ஒரு ஆள் உள்ளே இருந்தாக வேண்டும் என்பது சட்டம். அதனால் துளசிமணி உட்கார்ந்திருந்தாள்.

லாரி ரிவர்ஸில் சரக்கு இறக்கும் மேடையை நெருங்கியபோது பின்னாலிருந்து அலறல் கேட்டது. சுமை இறக்கும் அய்யாவுவின் கால், லாரிக்கும் மேடைக்கும் நடுவே மாட்டிக்கொண்டிருந்தது.

"முன்னால போ!" என்று லாரியிடம் கத்தினாள் துளசிமணி.

"விபத்துக்கு யார் பொறுப்பு என்று முடிவாகும்வரை நான் நகரக் கூடாது," என்றது லாரி நிதானமாக. "விசாரணை அதிகாரி வந்துகொண்டிருக்கிறார். நீங்கள் பொறுப்பேற்றால் இப்போதே நகர்வேன். ஆனால் உங்கள் பொறுப்பாளர் உரிமம் ரத்தாகிவிடும்."

அந்த உரிமத்தை வாங்க அவள் பட்ட பாடு அவளுக்குத்தான் தெரியும்.

"என் பொறுப்புதான். நகரு!"

லாரி நகர்ந்தது. அய்யாவுவின் கால் பிழைத்தது.

அதிகாரி வந்ததும் வியந்து கேட்டார். "உங்க மேல தப்பே இல்லியேம்மா, ஏன் ஒத்துக்கிட்டீங்க?"

"தப்பு யாருதுன்னு நீங்க மெதுவாப் பாருங்க சார். அதுவரைக்கும் அவரு கால் தாங்காதுங்க."

உரிமம் போயிற்று. ஆனால் மறுநாள் சுமை இறக்க ஒருவரும் வரவில்லை.

"துளசிமணியக்கா பின்னால நின்னு பாத்தாத்தான் நாங்க வருவோமுங்க," என்று குடோன்காரரிடம் சொல்லிவிட்டார்கள்.

அவருக்கு வேறு வழியில்லை. இப்போது அங்கே அவள் கையசைக்காமல் எந்த லாரியும் பின்னால் வருவதில்லை.