ஏழாவது கொத்தளம்

வழிகாட்டி இல்லாமல் அந்தப் பழைய கோட்டை மதில்மேல் யாரையும் ஏற விடுவதில்லை. அதனால் சலேத்மேரி வருடா வருடம் அந்தத் தேதியில் சுற்றுலா வந்தவர்களோடு சேர்ந்து நடப்பாள். மகள் பிரிசில்லா கால் வழுக்கிக் கடலில் விழுந்த ஏழாவது கொத்தளம் வந்ததும் அரை நிமிடம் நிற்பாள். அவ்வளவுதான்.

இந்த முறை வழிகாட்டி புதியவன். ஏழாவது கொத்தளத்தில் அவனே எல்லோரையும் நிறுத்தினான்.

"ஐந்நூறு வருஷத்துக்கு முன்னாடி ஒரு இளவரசி காதலனுக்காக இங்கேருந்துதான் குதிச்சா. உடம்பு கிடைக்கவே இல்ல. பச்சைத் தாவணி மட்டும் கரை ஒதுங்குச்சு."

அந்தத் தாவணி பன்னிரண்டு வருடமாக சலேத்மேரியின் பெட்டியில்தான் இருக்கிறது.

"அவ குதிக்கல தம்பி. வழுக்கிருச்சு."

"இல்லம்மா, குதிச்சதாத்தான் எல்லாரும் சொல்றாங்க."

"பேராவது சொல்றாங்களா?"

"அந்தக் காலத்துப் பொண்ணு. பேரு யாருக்கும்மா தெரியும்?"

அவள் வாயைத் திறந்தாள். அதற்குள் கூட்டத்தில் ஒருத்தி கைபேசியை அவள் கையில் திணித்தாள். "அம்மா, நாங்க குதிக்கிற மாதிரி நிக்கிறோம், ஒரு போட்டோ எடுங்களேன்."

சலேத்மேரி எடுத்தாள். படத்தில் கடல் மட்டும் விழுந்திருந்தது.